தாய்ப்பலகை வாங்கப் போகுமுன்

நம் தோட்டக் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு கணினி இருக்கிறது. பிள்ளையின் பாடத்துக்காக வாங்கியதாக இருக்கலாம். கோயில் கணக்கு எழுதுவதற்காக இருக்கலாம். பெரும்பாலும் அது கடையில் புதிதாக வாங்கியதல்ல. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாமாவோ அண்ணனோ குறைந்த விலைக்கு எடுத்துக் கொண்டுவந்து கொடுத்ததாக இருக்கும். ஒருநாள் காலையில் விசையை அழுத்தினால் அது எழுந்திருக்காது. பக்கத்துப் பட்டணத்தில் பழுது பார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போனால், அவர் திறந்து பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். உடனே பாலத்துக்கு அப்பால் இருக்கும் மகனுக்குத் தொலைபேசி போகும்: "தம்பி, வரும்போது ஒரு மதர்போர்டு வாங்கிட்டு வாப்பா."

இந்த ஒரு வரியில்தான் குடும்பத்தின் பணம் பாழாகிறது. மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதில் பல நாள் கூலியை எடுத்து வைத்துத்தான் ஒரு போர்டு வாங்க முடியும். அது வீட்டுக்கு வந்த பிறகு, "எல்லாம் சரிதான், ஆனால் இன்டர்நெட் வரவில்லை" என்றோ, "கீபோர்டு வேலை செய்யவில்லை" என்றோ ஆகிவிட்டால், அதை மாற்றிக்கொள்ள மறுபடியும் பாலத்தைத் தாண்ட வேண்டும். ஆகவே இன்றைய பேச்சில், மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம். அதிலும், உங்கள் கணினியில் விண்டோஸ் அல்லாத, கொஞ்சம் பேர் மட்டுமே பயன்படுத்துகிற இயங்குதளம் ஒன்று ஓடுகிறதென்றால் என்ன செய்ய வேண்டும் என்பதே முக்கியம்.

"நமக்கெதற்கு அந்தச் சிறிய இயங்குதளம்? எல்லாரும் வைத்திருப்பதையே வைத்துக்கொள்ளலாமே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்னின்ன வயதுக்குட்பட்ட பிராசசர் வேண்டும் என்று கேட்கிறது. நம் வீடுகளுக்கு வந்து சேர்கிற பழைய கணினிகள் பலவற்றில் அவை இல்லை. ஆனால் அந்தக் கணினிகள் கெட்டுப்போனவையல்ல. அவற்றில் லினக்ஸ் குடும்பத்து இயங்குதளம் ஒன்றைப் போட்டால் இன்னும் பல ஆண்டு உழைக்கும். சென்னையிலுள்ள சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் அப்படிப்பட்ட ஒன்று. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்வதற்கென்றே உருவாக்கியது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த கணினிகளிலும் விண்டோசோடு கூட அது இருந்தது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் கேட்டுப் பாருங்கள், தெரிந்திருக்கும்.

இதைவிடச் சிறியவையும் உண்டு. ஃப்ரீபிஎஸ்டி என்று ஒன்று. ஹைக்கூ என்று ஒன்று. 2001-இல் மூடப்பட்ட பீ என்ற கம்பெனியின் இயங்குதளத்தை விட மனமில்லாதவர்கள், அதே ஆண்டில் தொடங்கித் தாங்களாகவே மறுபடி எழுதி வருவது. ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த ஓஎஸ்/2-வின் வாரிசாக ஆர்க்காஓஎஸ் என்று ஒன்று இன்றும் விற்பனைக்கு இருக்கிறது. பழைய கணக்கு நிரலை விட முடியாத தொழிற்கூடங்களும் கடைகளும் இப்படிப்பட்டவற்றை வைத்திருக்கும். நம் பிள்ளைகள் அப்படி ஓர் இடத்தில் வேலைக்குப் போகலாம்; அங்கேயும் இதே கேள்வி வரும்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

தாய்ப்பலகை என்பது ஒரு தனிப் பொருள் என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. அது ஒரு லயம் மாதிரி. அதற்குள் பல குடித்தனங்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் நெட்வொர்க் சில்லு, ஓரிடத்தில் ஒலிச் சில்லு, ஓரிடத்தில் ஹார்ட் டிஸ்க்கைக் கவனிக்கும் பகுதி, ஓரிடத்தில் யுஎஸ்பி வாய்களைக் கவனிக்கும் பகுதி. ஒவ்வொன்றையும் வெவ்வேறு கம்பெனி செய்திருக்கும். பலகையின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் ஆசூஸ், கிகாபைட், எம்எஸ்ஐ என்ற பெயர்கள் லயத்தைக் கட்டியவர் பெயர். குடியிருப்பவர் யார் என்பது வேறு சங்கதி.

காலையில் தோட்டத்தில் பெரட்டு நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கணினியின் விசையை அழுத்தியதும் உள்ளே நடப்பதும் ஒரு பெரட்டுதான். முதலில் தாய்ப்பலகையிலேயே எழுதி வைத்திருக்கும் சிறு நிரல் விழித்துக்கொண்டு, மெமரி வந்ததா, டிஸ்க் வந்ததா, திரை வந்ததா என்று பேர் கூப்பிடுகிறது. பிறகு இயங்குதளம் என்ற கிராணி வந்து செக்ரோலை வாங்கிக்கொண்டு, ஒவ்வோர் ஆளையும் வேலைக்கு அனுப்புகிறார். இங்கேதான் ஒரு தொல்லை. ஒவ்வொரு சில்லும் தன் பாஷையில்தான் பேசும். கிராணிக்கு அந்தப் பாஷை தெரிய வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷிதான் டிரைவர் என்று சொல்லப்படும் நிரல். துபாஷி இல்லையென்றால் ஆள் வந்து நின்றும் வேலை நடக்காது. சில்லு கெட்டுப்போகவில்லை, கிராணியும் கெட்டுப்போகவில்லை. இருவருக்கும் நடுவில் பேச்சு இல்லை, அவ்வளவுதான்.

விண்டோசுக்கு இந்தத் துபாஷியைச் சில்லு செய்த கம்பெனியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஏனென்றால் வாங்குபவர்களில் பெரும்பாலோர் விண்டோஸ்காரர்கள். சிறிய இயங்குதளங்களுக்கு அப்படி யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், தன் வீட்டுக் கணினியில் அதே சில்லு இருந்த ஒருவர், இரவில் உட்கார்ந்து எழுதியிருப்பார். அவர் எழுதியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஹைக்கூ தன் நெட்வொர்க் டிரைவர்களில் பலவற்றை ஃப்ரீபிஎஸ்டிகாரர்கள் எழுதியதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. கைமாற்று வாங்கிக் குடும்பம் நடத்துவது மாதிரிதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாங்குபவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தம் புதிய போர்டில் இருக்கும் புத்தம் புதிய சில்லுக்குத் துபாஷி எழுதி முடிய ஒன்றிரண்டு ஆண்டு ஆகும். ஆகவே கடைக்காரர் "இது லேட்டஸ்ட்" என்று சொன்னால், சிறிய இயங்குதளக்காரருக்கு அது நல்ல செய்தி அல்ல.

இது சிறிய இயங்குதளங்களுக்கு மட்டும் நேர்ந்த சங்கடம் என்று எண்ண வேண்டாம். 2015-இல் இன்டெல் கொண்டுவந்த ஸ்கைலேக் வரிசைப் போர்டுகளில், யுஎஸ்பியைக் கவனித்துவந்த பழைய பகுதியை எடுத்துவிட்டார்கள். அந்தப் போர்டில் விண்டோஸ் 7-ஐப் போட உட்கார்ந்தவர்களுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? நிறுவும் திரை வரும். யுஎஸ்பியில் செருகிய கீபோர்டும் மௌசும் அசையாது. "அடுத்து" என்ற பொத்தானை அழுத்த வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். உலகத்திலேயே அதிகம் பேர் பயன்படுத்திய இயங்குதளத்துக்கே அந்தக் கதி.

சரி, எதையெதைப் பார்க்க வேண்டும்?

எல்லாவற்றுக்கும் முன்னால், போனது போர்டுதானா என்று பாருங்கள். எழுந்திருக்காத கணினியில் குற்றவாளி பல நேரம் பவர் சப்ளை என்ற மின்பெட்டியாக இருக்கும். இடி மின்னல் அதிகமான நம் பகுதிகளில் இது சாதாரணம். பழுது பார்ப்பவரிடம், "வேறு நல்ல பவர் சப்ளை ஒன்றை மாட்டிப் பாருங்கள், மெமரியைக் கழற்றித் துடைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்" என்று கேளுங்கள். போர்டின் மேல் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும்; சிஆர் 2032 என்று பெயர், 3 வோல்ட். அது தீர்ந்துபோனால் கணினி தேதியை மறந்துவிடும், அமைப்புகளையும் மறந்துவிடும். பேட்டரி மாற்றப் போர்டு விலை கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போர்டு போனால் படங்களும் கணக்குகளும் போய்விட்டன என்று அழவேண்டாம். அவை டிஸ்கில் இருக்கின்றன. டிஸ்கைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு ஏதும் செய்யாதிருந்தால், வேறு கணினியில் மாட்டி எடுத்துக்கொள்ளலாம்.

போர்டுதான் என்று உறுதியானால், பழைய போர்டின் மேலேயே அதன் மாடல் பெயர் அச்சாகியிருக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள்; ஓரத்தில் 'ரெவ்' என்று போட்டு 1.0 அல்லது 2.0 என்று இருந்தால் அதையும் எழுதுங்கள். ஒரே மாடல் பெயரில், இடையில் சில்லை மாற்றி, ரெவ் எண்ணை மட்டும் ஏற்றி விற்பதுண்டு. கைப்பேசியில் போர்டின் இரண்டு மூன்று படம் எடுத்து மகனுக்கு அனுப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு பொருத்தம். பிராசசர் உட்காரும் சாக்கெட் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. எல்ஜிஏ 1151 என்ற சாக்கெட் 2015-இல் வந்தது. 2017-இல் வந்த அடுத்த தலைமுறைக்கும் அதே பெயர். ஆனால் இதிலுள்ளது அதில் ஓடாது. எண் ஒன்றுதானே என்று வாங்கி ஏமாந்தவர்கள் பலர். மெமரியும் அப்படியே: டிடிஆர் 3-க்கு 240 கால், டிடிஆர் 4-க்கு 288. ஒன்றில் மற்றது நுழையாது, அழுத்தினால் உடையும். கம்பெனிப் பெயரோடு வந்த அலுவலகக் கணினியாக இருந்தால், பெட்டியும் மின்கம்பி முனைகளும் அந்தக் கம்பெனிக்கென்றே தனியாக இருக்கலாம். வெளிப் போர்டு அதற்குள் உட்காரவே உட்காராது. இவையெல்லாம் எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம், அவரே சொல்லிவிடுவார்.

அவர் சொல்லாதது இனிமேல் வருவது.

முதலாவது, இயங்குதளத்தை எழுப்பும் முறை. பழைய முறைக்கு பயாஸ் என்று பெயர், புதிய முறைக்கு யுஇஎஃப்ஐ என்று பெயர். நெடுங்காலம் போர்டுகளில் இரண்டும் இருந்தன. சிஎஸ்எம் என்ற ஓர் அமைப்பைத் திறந்துவிட்டால் பழைய முறையும் ஓடும். இன்டெல் 2017-இல், 2020-க்குள் இதை எடுத்துவிடப்போவதாக அறிவித்தது. அதன்பின் வந்த போர்டுகளில் பழைய முறை குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் இயங்குதளம் பழைய முறையில் மட்டும் எழுவதாக இருந்தால், புதிய போர்டில் பெரட்டே நடக்காது. ஆர்க்காஓஎஸ் காரர்களுக்கு 2023-இல் வந்த 5.1 பதிப்பில்தான் யுஇஎஃப்ஐ கிடைத்தது. அதற்கு முந்திய பதிப்பு வைத்திருப்பவர் சிஎஸ்எம் இருக்கிற போர்டைத்தான் தேட வேண்டும். இதோடு, செக்யூர் பூட் என்ற பூட்டு ஒன்று உண்டு. கையெழுத்திட்ட இயங்குதளத்தை மட்டும் உள்ளே விடும் காவல்காரன் அது. ஹைக்கூ போன்றவை வேண்டுமானால் அதை அணைக்க வேண்டும். போர்டில் அணைக்க இடமிருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, நெட்வொர்க் சில்லு. என் எண்ணத்தில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஏனென்றால் ஒலி வராவிட்டால் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளலாம். படம் கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் பொறுக்கலாம். நெட்வொர்க் வராவிட்டால், அதைச் சரிசெய்யும் டிரைவரைக் கொண்டுவருவதற்கே வழி அடைபட்டுவிடும். ரியல்டெக் கம்பெனியின் 8111 வரிசைச் சில்லுகள் பல ஆண்டு பழையவை. கிட்டத்தட்ட எல்லாச் சிறிய இயங்குதளங்களுக்கும் அவற்றோடு பேசத் தெரியும். இன்டெல்லின் ஒரு கிகாபிட் சில்லுகள் பெரும்பாலானவையும் அப்படியே. புதிய போர்டுகளில் 2.5 கிகாபிட் வேகமென்று ரியல்டெக் 8125 வைக்கிறார்கள். 2019 இறுதிக்கு முன் வந்த லினக்ஸ் கெர்னலுக்கு அந்தப் பெயரே தெரியாது. 2019 ஜூலையில் வந்த டெபியன் 10-இன் கெர்னல் 4.19; அதன் மேல் கட்டிய எந்த இயங்குதளமும் அந்தப் போர்டில் போட்டவுடன் ஊமையாகத்தான் உட்கார்ந்திருக்கும். டெபியன் 12-இன் கெர்னல் 6.1, அதற்குத் தெரியும். பாஸ் லினக்சும் டெபியனின் மேல் கட்டியதே. ஆகவே "பாஸ் இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தப் பதிப்பு, அதன் கெர்னல் எண் என்ன என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக டிஸ்க். போர்டின் அமைப்பில் ஏஎச்சிஐ என்று ஒன்றும், ரெய்டு என்று ஒன்றும் இருக்கும். ஏஎச்சிஐ பொதுப் பாஷை, எல்லாருக்கும் தெரியும். போர்டு ரெய்டில் வைத்து வந்திருந்தால், "டிஸ்கே இல்லை" என்று இயங்குதளம் சொல்லும். பலர் இதற்குப் பயந்து போர்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அமைப்பை மாற்றினால் போதும்.

ஒலி, கம்பியில்லா வைஃபை, படம் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. வைஃபை போர்டிலேயே பதிந்து வருவதற்கு நான் காசு கொடுக்கமாட்டேன். கீபோர்டுக்குப் பழைய வட்ட வாய், அதாவது பிஎஸ்/2, போர்டில் இருந்தால் அதை ஒரு நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கைலேக் கதையில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றியது அந்த வட்ட வாய்தான்.

சில்லின் பெயரை எப்படித் தெரிந்துகொள்வது? செக்ரோலில் ஆளுக்கு எண் இருப்பதுபோல், ஒவ்வொரு சில்லுக்கும் இரண்டு எண் உண்டு. முதல் எண் கம்பெனிக்கு, இரண்டாவது சில்லுக்கு. இன்டெல்லின் கம்பெனி எண் 8086. அது அவர்கள் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசசரின் பெயர். ஞாபகத்துக்காகத் தங்களுக்கே எடுத்துக்கொண்டார்கள். லினக்சில் 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளையையும் ஹைக்கூவில் 'லிஸ்ட்டெவ்' என்ற கட்டளையையும் தட்டினால் இந்தப் பட்டியல் திரையில் விழும். உங்கள் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் கூடிப் பேசும் இடங்களில் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால், ஓடுகிறதா இல்லையா என்று ஒரே வரியில் பதில் கிடைக்கும். மாடல் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட இது நம்பகமானது.

இப்போது மகன் சிங்கப்பூரில் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வராத தமிழ்த் தொழிலாளி குறைவு. தேக்கா சந்தையிலிருந்து ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் நடந்தால் சிறிது நேரத்தில் சிம் லிம் ஸ்குவேர் வந்துவிடும். ரயிலில் வந்தால் 2015 டிசம்பரில் திறந்த ரோச்சோர் நிலையத்தில் இறங்கலாம். எதிர்ப்புறம் ஜாலான் புசாரில் இருப்பது சிம் லிம் டவர்; அங்கே கம்பி, கன்டென்சர், சுவிட்சு போன்ற சில்லறை மின்னணுச் சாமான்கள் கிடைக்கும். இரண்டு பெயரும் ஒன்றுபோல் இருப்பதால் மாறிப் போகிறவர்கள் உண்டு. முன்பு பக்கத்திலேயே சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை இருந்தது. பழைய போர்டும் அங்கே சாக்கில் கிடக்கும். அது 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. இப்போது பழைய போர்டு வேண்டுமென்றால், பெரும்பாலும் கைப்பேசி வழியாகத் தனி ஆட்களிடம் வாங்குகிறார்கள்.

சிம் லிம் ஸ்குவேரைப் பற்றி ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2014 நவம்பரில், வியட்நாமிலிருந்து வந்த ஓர் ஆலைத் தொழிலாளி அங்கே ஒரு கைப்பேசிக் கடையில் 950 வெள்ளி கொடுத்து ஐபோன் வாங்கினார். பணம் கட்டிய பிறகு, உத்தரவாதத்துக்கு இன்னும் 1,500 வெள்ளி வேண்டும் என்றார்கள். அந்த மனிதர் கடை வாசலில் மண்டியிட்டு அழுது பணத்தைத் திரும்பக் கேட்ட படம் உலகமெல்லாம் போயிற்று. கடைசியில் கைக்கு வந்தது 400 வெள்ளி. கடைக்காரருக்கு அடுத்த ஆண்டு நவம்பரில் 33 மாதச் சிறை விதித்தார்கள். அந்தக் கட்டடத்தில் எல்லாக் கடையும் அப்படியல்ல. நியாயமாக விற்பவர்கள் பல ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆலைத் தொழிலாளியின் இடத்தில் நம் பிள்ளை நிற்கக்கூடாது அல்லவா?

ஆகவே முதல் காரியம், வீட்டிலேயே இயங்குதளத்தை ஒரு யுஎஸ்பி குச்சியில் ஏற்றி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். லினக்ஸ், ஹைக்கூ இரண்டையும் டிஸ்கில் நிறுவாமலேயே குச்சியிலிருந்து ஓட்டலாம். கடையில், "தவுக்கே, இந்தப் போர்டில் இதைப் போட்டு ஒருமுறை எழுப்பிக் காட்ட முடியுமா?" என்று கேட்கலாம். கணினி கூட்டிக்கொடுக்கும் கடைகளில் மேசை மேல் வைத்து ஓட்டிப் பார்க்க வசதி இருக்கும். சிலர் கூலி கேட்பார்கள். கொடுக்கலாம், போர்டு விலையோடு பார்த்தால் அது சிறு தொகை. திரை வந்ததா, கீபோர்டு அசைந்ததா, நெட்வொர்க் கம்பியைச் செருகினால் முகவரி வந்ததா என்ற மூன்றையும் பார்த்தால் போதும். மாட்டேன் என்று சொல்லும் கடையில் வாங்க வேண்டாம். தனி ஆளிடம் பழையது வாங்கும்போது இந்தச் சோதனை இன்னும் அவசியம். பிராசசர் உட்காரும் குழியில் மெல்லிய ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவும் வேண்டும்.

இரண்டாவது காரியம் பில். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, பழுதான பொருளுக்கு ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. லெமன் சட்டம் என்பார்கள். ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், விற்கும்போதே அது இருந்ததாகத்தான் கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இது பொருந்தும். தனி ஆளிடம் வாங்கியதற்குப் பொருந்தாது. ஆனால் நம் விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. போர்டு விண்டோசில் நன்றாக ஓடுகிறது, உங்கள் இயங்குதளத்தில் ஓடவில்லை என்றால், அது பழுதா? கடைக்காரர், "பொருளில் குறை இல்லை" என்பார். அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்நாட்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தில் வேறொரு விதி உண்டு. இன்ன காரியத்துக்காக வாங்குகிறேன் என்று வாங்குபவர் முன்கூட்டியே தெரிவித்து, விற்பவரின் சொல்லை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஆகவே வாயால் சொன்னால் போதாது. "இந்த இயங்குதளத்துக்காக, இந்தப் பதிப்புக்காக" என்று பில்லிலேயே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். ஓடாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார் என்பதையும் எழுத வையுங்கள். எழுதித் தரத் தயங்கினால், ஓடும் என்ற நம்பிக்கை அவருக்கே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

தகராறு வந்தால் சிறு கோரிக்கை மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே கொண்டுபோகலாம். வழக்கறிஞர் கிடையாது, நாமே பேசலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளி என்பதால் கதவு மூடப்படாது. ஆனால் பில் இல்லாமல் அங்கே போய் நின்று பயனில்லை.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் 2024 ஜனவரியிலிருந்து பொருள் சேவை வரி 9 விழுக்காடு. சுற்றுலாப் பயணிகளுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது விமானத்திலும் உல்லாசக் கப்பலிலும் புறப்படுபவர்களுக்கு மட்டுமே. ஜொகூர் பாலம் வழியாகப் பேருந்தில் வருபவர்களுக்குக் கிடையாது. வேலை அனுமதி பெற்று அங்கே இருப்பவர்களுக்கும் கிடையாது. "வரியைத் திரும்ப வாங்கிக்கலாம்" என்று கடையில் யாராவது சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

புதிதா, பழையதா என்று கேட்பீர்கள். போனது எந்த மாடலோ, அதே மாடல், அதே ரெவ், பழையதாகக் கிடைத்தால் அதுதான் என் முதல் ஓட்டு. பிராசசர், மெமரி, பெட்டி எல்லாம் அப்படியே உட்காரும். இயங்குதளத்துக்கும் எல்லாரும் பழகிய முகங்கள். அது கிடைக்காவிட்டால், புதிய போர்டு வாங்கி, அதற்காகப் புதிய பிராசசர், புதிய மெமரி என்று ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவதைவிட, அலுவலகங்கள் கழிக்கும் முழுக் கணினி ஒன்றை எடுத்துப் பழைய டிஸ்கை அதில் மாட்டிக்கொள்வது பல குடும்பங்களுக்கு லாபம். லெனோவோ, டெல், எச்பி ஆகியவற்றின் அலுவலக மாடல்களில் இன்டெல் நெட்வொர்க் சில்லு இருப்பது வழக்கம். ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் விற்றிருப்பதால், அதில் உங்கள் இயங்குதளத்தைப் போட்டுப் பார்த்தவர் எங்காவது இருப்பார். வாங்குமுன் குச்சிச் சோதனையை அதற்கும் செய்ய வேண்டும்.

போர்டு வீட்டுக்கு வந்து மாட்டியாயிற்று என்றால், முதல் நாள் இரண்டு சிறு தடங்கல் வரலாம். நெட்வொர்க் சில்லு மாறிவிட்டதால் அதன் பெயரும் மாறியிருக்கும். பழைய பெயரில் எழுதி வைத்த அமைப்பு வேலை செய்யாது. அமைப்புக்குள் போய்ப் புதிய பெயரைப் போட்டால் சரியாகிவிடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கும்; போர்டின் அமைப்பில் தேதியைச் சரிசெய்யுங்கள். இரண்டும் ஆன பிறகு, 'எல்எஸ்பிசிஐ' பட்டியலை ஒரு தாளில் எழுதி, பில்லோடு சேர்த்துக் கணினிப் பெட்டியின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை பெட்டியைத் திறப்பவர் உங்கள் மகளாக இருக்கலாம். அவருக்கு அந்தத் தாள் பயன்படும்.